குத்துமதிப்பு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் ஆகச் சிறந்தது குத்துச்சண்டை நடுவரின் பேனா என்பது என் பணிவான, ஆனால் அசைக்க முடியாத கருத்து. தரையில் விழுந்து கிடப்பவனை எழுப்பி உட்கார வைக்க மருத்துவரால் முடியும். அவனையே வெற்றி பெற்றவனாக ஆக்க எங்களால் மட்டும்தான் முடியும். அந்தப் பேனாவைப் பதினோரு ஆண்டுகளாகப் பிடித்திருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மற்ற நாட்களில் நான் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். ஐந்து கிராம் குறைந்தாலும் விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குத்துச்சண்டை நடுவர்.

என் அக்காவும் நடுவர்தான். அவள் பெரிய மருத்துவமனையில் விபத்துப் பிரிவின் தலைமை நர்ஸ். காயங்களைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவர் நடுவர் குழுவில் இருக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. எழுதியவர் பின்விளைவை யோசிக்காமல் எழுதிவிட்டார். மூன்றாவது நடுவர் ஒரு பல் டாக்டர். குத்துச்சண்டையில் அவருக்கு இயல்பாகவே அக்கறை உண்டு.

எங்கள் பணி மிக எளிது. ரிங்குக்கு வெளியே மூன்று பக்கமும் மூன்று பேர் உட்காருவோம். ஒவ்வொரு ரவுண்டிலும் நன்றாகக் குத்தியவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது. கீழே விழுந்தவருக்கு எட்டு. பத்து ரவுண்டும் முடிந்து கூட்டினால் உண்மை வந்துவிடும். மூவருக்கும் வெவ்வேறு உண்மை வந்தால், இரண்டு பேருடைய உண்மை செல்லும்.

இனி அந்தப் போட்டிக்கு வருகிறேன். ஒரு பக்கம் சாம்பியன். அவரை எல்லோரும் 'இடி' என்பார்கள். மறு பக்கம் ஒரு பிளம்பர். பட்டப்பெயர் அல்ல, நிஜமாகவே பிளம்பர். அன்று காலையில்கூட ஒரு வீட்டில் அடைப்பு எடுத்துவிட்டு நேராக வந்திருந்தார். எடை பார்க்கும்போது பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து வெளியே வைத்தார்.

போட்டி ஏற்பாட்டாளர் முன்யோசனை உள்ளவர். 'இடி'யின் அடுத்த போட்டிக்கான சுவரொட்டிகளை, இந்தப் போட்டிக்கு முந்தின நாளே ஊரெங்கும் ஒட்டிவிட்டார். நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மணி அடித்தது. என் நாற்காலிக்கு நேர் முன்னால் ஒரு புகைப்படக்காரர் வந்து நின்றுகொண்டார். அவர் சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பற்றி நான் எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லத் தயார்: நீலக் கோடு போட்டது, இடது தோளில் தையல் விட்டிருந்தது. அவரை நகரச் சொல்வது கலைக்கு இடையூறு என்பதால் நான் காதால் மதிப்பிட்டேன். 'இடி' கையை ஓங்கும்போதெல்லாம் அரங்கமே அலறியது. பிளம்பர் குத்தும்போது 'பொத், பொத்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் கேட்டது. ஜனநாயக முறைப்படி அலறலுக்கு மதிப்பெண் போட்டேன்.

ஆறாவது ரவுண்டிலும் ஒன்பதாவது ரவுண்டிலும் மட்டும் அரங்கம் சட்டென்று அடங்கியது. புகைப்படக்காரர் படம் எடுக்கக் குனிந்தார். 'இடி' தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வேறு வழியில்லாமல் அந்த இரண்டையும் பிளம்பருக்குக் கொடுத்தேன். மீதி எட்டும் 'இடி'க்கு. கூட்டினால் 96–92, 'இடி' வெற்றி.

பல் டாக்டரும் அதே 96–92. நாங்கள் பேசி வைத்துக்கொண்டதாகச் சிலர் சொன்னார்கள். அபாண்டம். மதியச் சாப்பாட்டின்போது ஏற்பாட்டாளர்தான் பேசினார். நாங்கள் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தோம்.

அக்கா பிளம்பருக்கு 97–91 போட்டிருந்தாள்.

முடிவை அறிவித்து, ரிங்குக்குள் போட்டியை நடத்திய ரெஃப்ரி 'இடி'யின் கையைத் தூக்கினார். தூக்கிய கையை விட்டதும் 'இடி' கீழே சரியப் பார்த்ததால் மறுபடி பிடித்துக்கொண்டார். 'இடி'யின் சொந்த ரசிகர்களே முடிவை எதிர்த்து விசிலடித்துக் கத்த ஆரம்பித்தார்கள். பிளம்பர் என் மேசைக்கு வந்தார். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"பன்னெண்டு வருஷமா இந்த ஒரு மேட்ச் கிடைக்காதான்னு காத்திருந்தேன் சார். நான் எங்க விட்டேன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவ திருத்திக்குவேன்."

"உங்க குத்துல சத்தம் பத்தல" என்றேன். ஒரு நடுவர் விளையாட்டு வீரனை ஊக்குவிக்க வேண்டும்.

அக்கா மாடி வீடு, நான் கீழ்வீடு. பஸ்ஸில் ஒன்றாகத்தான் திரும்பினோம். நான்காவது நிறுத்தத்தில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆறு நாள் தராசுல குத்துற, ஏழாவது நாள் மனுஷன் முதுகுல குத்துறியாடா?" என்றாள்.

"கருத்து வேறுபாடு சகஜம்க்கா."

"கருத்தா? அந்த 'இடி'க்கு மேட்ச் முடிஞ்சு ரூம்ல நான்தான் முதலுதவி செஞ்சேன். இடது கண்ணு திறக்கல. 'இன்னும் எத்தன ரவுண்டு பாக்கி'ன்னு என்னைக் கேக்குறான். அவன் ஜெயிச்சவனா?"

சங்கம் இந்த விவகாரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றே நாளில் விசாரணைக் குழு அமைத்தது. 'நடுவர்களின் ஒருமித்த தன்மை குலைந்தது ஏன்?' என்பது விசாரணையின் பொருள். அதாவது, அக்கா ஏன் எங்களோடு ஒத்துப்போகவில்லை என்பது. தலைவராக ஏற்பாட்டாளரின் சகலை நியமிக்கப்பட்டார். உறுப்பினர்கள் பல் டாக்டரும் நானும். போட்டியை நேரில் பார்த்த அனுபவம் எங்களுக்கு இருந்தது.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேலே உள்ள அறையில் புதன்கிழமை மதியம் கூடினோம். கீழே யாரோ மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். குத்துக்குக் குத்து மேசையில் டம்ளர்கள் அதிர்ந்தன. முதலில் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். ஆறாவது ரவுண்டில் 'இடி' விழுந்ததும் தலைவர் நிறுத்தச் சொன்னார்.

"விழுந்தாருன்னு எதை வச்சுச் சொல்றீங்க? உக்காந்தாருன்னும் எடுத்துக்கலாமே."

"ரெஃப்ரி எட்டு எண்ணுற வரைக்குமா உக்காருவாங்க?" என்றாள் அக்கா.

"என் கிளினிக்ல ஒன்றரை மணி நேரம் உக்காருறாங்க" என்றார் பல் டாக்டர். இது முக்கியமான சான்றாகக் குறிப்பேட்டில் ஏறியது.

அடுத்து அக்காவின் கண் பார்வையைச் சோதிக்க வேண்டும் என்று தலைவர் விரும்பினார். எதிர்ச் சுவரில் சங்கத்தின் பலகை மாட்டியிருந்தது. அதைப் படிக்கச் சொன்னார்.

"'நேர்மையே எங்கள் மூச்சு'. 'நே'ல கொம்பு உதுந்து போச்சு. 'நர்மை'ன்னு இருக்கு. பெயின்ட் அடிச்சு நாலு வருஷமாவது இருக்கும்."

தலைவர் எங்களைப் பார்த்தார். 'தேவைக்கு மேற்பட்ட பார்வை' என்று நான் எழுதிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. 'இடி'யே படியேறி வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி வந்து, நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"சார், நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். அன்னிக்கு நான் தோத்துட்டேன். அந்தம்மா மேல தப்பில்ல. சாம்பியன் பெல்ட்ட பிளம்பர்கிட்டயே குடுத்துடுங்க. எனக்குக் காலைல எந்திரிச்சா தலை சுத்துது. கொஞ்ச நாள் சும்மா இருக்கேன்."

தலைவருக்கு வேர்த்தது. அடுத்த போட்டியின் சுவரொட்டி அந்த அறையிலேயே இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தது. இந்த இடத்தில்தான் பல் டாக்டர் தன் படிப்பைக் காட்டினார்.

"இந்தச் சாட்சிய ஏத்துக்க முடியாது தலைவரே. வீடியோவுல எண்ணிப் பாத்தேன். இவரு தலையில இருநூத்திப் பதினாலு குத்து வாங்கியிருக்காரு. இவ்வளவு வாங்கினவருக்கு ஞாபகம் எப்படிச் சரியா இருக்கும்?"

அற்புதமான வாதம். நானே மேசையைத் தட்டினேன். 'சாட்சி சுயநினைவோடு பேசுவதாகத் தெரியவில்லை' என்று ஒருமனதாகப் பதிவு செய்தோம்.

"அந்த இருநூத்திப் பதினாலையும் குத்தினது யாரு?" என்று கேட்டாள் அக்கா.

தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

இடைவேளைக்குப் பிறகும் அவள் விடவில்லை. இம்முறை குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "பெல்ட் எவன்கிட்ட வேணா இருக்கட்டும். தோத்தவனுக்குத் தொண்ணூறு நாள் கட்டாய ஓய்வுன்னு உங்க விதியிலயே இருக்கு. ஜெயிச்சவனுக்கு அது கிடையாது. இவனுக்கு நீங்க போட்ட மார்க்குனால இவன் ஏழாவது வாரத்துல மறுபடியும் ரிங்குல நிக்கணும். என்னை வேணும்னா தூக்கிடுங்க. இவனுக்கு அந்த ஓய்வ மட்டும் குடுங்க."

"வெற்றி பெற்றவருக்கு ஓய்வு குடுத்தா அது அவரை அவமதிக்கிற மாதிரி" என்றார் தலைவர்.

அக்காவை மூன்றாண்டு நீக்கும் தீர்மானத்தை அவர் வாசித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். பல் டாக்டரின் கை முதலில் போனது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாளே, அதே பார்வை. ஆனால் சொந்த பந்தத்துக்காகச் சலுகை காட்டினால் நடுவர் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? தூக்கினேன். சங்கம் என் நடுநிலையைப் பாராட்டித் தலைமை நடுவராக உயர்த்தியது. மார்பில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் கொடுத்தார்கள்.

அன்று முதல் மாடியிலிருந்து குழம்பு வருவது நின்றது. என் மனைவி இரண்டு முறை மேலே போய்ப் பேசிவிட்டு வந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "உங்கள ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு" என்றாள்.

ஏழாவது வாரம், சுவரொட்டியில் இருந்த அதே தேதியில் போட்டி நடந்தது. தலைமை நடுவர் என்பதால் எனக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எதிராளி ஒன்றும் பெரிய ஆள் இல்லை. 'இடி' இடது பக்கம் வந்த குத்துகளை மட்டும் பார்க்கவே இல்லை. நான்காவது ரவுண்டில் விழுந்தார். இம்முறை உட்கார்ந்தார் என்று யாரும் வாதாடவில்லை.

ஆம்புலன்ஸ் அவரை அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனது. சங்கத்தின் சார்பில் ஒரு பூங்கொத்து வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். தலைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லாமல் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண் மட்டும் திரும்பவில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஸ்கேனுக்காக ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். என் குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நடுவர் சாரா? இன்னிக்கும் நான்தான் ஜெயிச்சேனா?"

"இன்னும் கூட்டிப் பாக்கலப்பா" என்றேன்.

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா மேசையில் உட்கார்ந்து விபத்துப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"காயம் யாரால ஏற்பட்டதுன்னு ஒரு கட்டம் இருக்கு."

"எதிராளி பேர எழுதுக்கா. சுவரொட்டியில இருக்குமே."

"அவன் நாலு ரவுண்டுதான் குத்தினான்."

அவள் நிதானமாக எழுதினாள். மை காயட்டும் என்று ஊதிவிட்டு, பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள்.

"இனிஷியல் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

ஒரு தலைமை நடுவருக்கு உரிய கவனத்துடன் இரண்டு முறை படித்தேன். பெயர், இனிஷியல், உத்தியோகம், தகப்பனார் பெயர், கீழ்வீட்டு முகவரி எல்லாமே சரியாக இருந்தன. தகப்பனார் பெயரில் பிழை வர வாய்ப்பே இல்லை. அவர் அவளுக்கும் தகப்பனார்தானே.