சிரிக்காதீங்க, காது தெரியட்டும்

'சிரிக்காதீங்க' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வணக்கம் சொல்லலாம், சாப்பிட்டாச்சா என்று கேட்கலாம். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது, கடவுளே.

இப்படி வேண்டிக்கொண்டேதான் அவள் கேமராவைத் தூக்கினாள். எதிரே மணப்பெண்ணின் பெரியப்பா. என்ன அதிசயமோ, லேசாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

"சிரிக்காதீங்க," என்றாள். "காது தெரியட்டும்."

பெரியப்பாவின் முகம் விளக்கை அணைத்த மாதிரி ஆயிற்று. கண்ணாடியையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ மட்டுமே எடுத்துப் பாதி ஆயுளைக் கழித்தவள். ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் துணி. தோளை நேராக்கு, தாடையை இறக்கு, சிரிக்காதே, காது தெரியட்டும். அங்கே இருந்த பழைய கேமராவின் பொத்தானை ஆள்காட்டி விரலால் அமுக்கி, 'அடுத்தது' என்று சொல்லும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். அது தேய்ந்து உம்மு என்று நிலைத்துவிட்டது.

பெயரை வைத்தவள் வாலு. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த தோழி. அவள்தான் வெளிநாட்டுக்கு வந்து கல்யாணப் போட்டோ எடுக்கிறாள். இதுவரை யாருக்கோ கீழே வேலை பார்த்தவள், முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருந்தாள். உதவியாளன் கடைசி நேரத்தில் கையை விரிக்க, உம்முவை அழைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு படம்டி," என்று உம்மு சொல்லிப் பார்த்தாள்.

"கேமராவப் பிடிக்கத் தெரியும்ல? போதும். டிக்கெட் போட்டாச்சு."

வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் கண்ணாடி போட்ட ஒரு தமிழ் அதிகாரியம்மா பாஸ்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "படமும் ஆளும் இப்படி அச்சு அசலா இருந்து நான் பார்த்ததே இல்ல," என்று முத்திரை குத்தினார். அது உம்மு தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம். பெருமையாகத்தான் இருந்தது. வெளிக்கதவைத் தாண்டும்போது, அது பாராட்டுதானா என்று ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதன் தலையில் தட்டி உட்கார வைத்தாள்.

மணப்பெண் வாலுவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, எங்க வீட்டு ஆல்பத்தப் பார்த்தா துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் மாதிரி இருக்கும். கேமராவக் கண்டாலே எல்லாரும் விறைச்சுக்குவாங்க. எங்க ஆளுங்க சிரிக்கிற மாதிரி எடுத்துக் குடுங்க. இல்லேன்னா எனக்கு ஆல்பமே வேணாம்."

பெரியப்பாவின் முகத்தை மேடையிலிருந்தே பார்த்துவிட்ட வாலு இறங்கி ஓடி வந்தாள்.

"என்னடி பண்ணித் தொலைச்ச? அந்த மனுஷன் சிரிச்சதே ஊர் செஞ்ச புண்ணியம்!"

"வாய் தவறிடுச்சுடி."

"சிரிங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். சிரிங்க!"

உம்மு அடுத்து நின்ற குடும்பத்தின் பக்கம் திரும்பி, "சிரிங்க," என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே குரலில்தான் சொன்னாள். தாய் திடுக்கிட்டாள், தகப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டு அழுதது.

ஒரு ஸ்டூல் கிடைத்தால் தனக்குக் கை ஓடும் என்று உம்முவுக்குத் தோன்றியது. ஜன்னல் ஓரம் நீளமாக வெள்ளைத் திரை தொங்கியது. அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டாள். தாய் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் அத்தை வந்து ஸ்டூலைச் சுற்றிப் பார்த்தாள். "என்னம்மா இது, பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற இடம் மாதிரி இருக்கு?"

"எனக்கு அதுதாங்க தெரியும்."

"அட, நல்லதாப் போச்சு! எனக்கு அடுத்த மாசம் பாஸ்போர்ட் புதுப்பிக்கணும். ஒண்ணு எடு தாயி." அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

அத்தைக்குப் பின்னால் மாமா. மாமாவுக்குப் பின்னால் அவருடைய தம்பி குடும்பம். வெளிநாட்டில் வாழ்கிற கூட்டம். யாருக்காவது எதற்காவது ஒரு போட்டோ தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. வரிசை தூணைச் சுற்றி வளைந்தது.

மேடையில் மணமக்களை எடுத்துக்கொண்டிருந்த வாலு, கூட்டத்தையும் ஒரு படம் எடுக்கலாமே என்று திரும்பினாள். நாற்காலிகள் மட்டும் இருந்தன.

அவள் மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் ஓடினாள். மைக் அவர் கையில். "சார், எப்படியாவது எல்லாரையும் உட்கார வைங்க!"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "உறவினர்களே! இடது பக்கம் ஜன்னல் ஓரமா, வெள்ளைத் திரைக்கு முன்னாடி, இலவசமா பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கிறவங்க எல்லாரும் உடனே அவங்கவங்க இடத்துக்கு வரவும்!"

இலவசம் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். பரிமாறுகிறவர்கள் வந்தார்கள். வாசலில் நின்ற காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். சித்தப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, கடைசியில் போய் நின்றார்.

உம்முவுக்கு வேர்த்துக் கொட்டியது. போதாக்குறைக்கு, எடுத்து முடித்தவர்கள் யாரும் போகவில்லை. அவளுக்குப் பின்னாலேயே கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரியப்பாவோ பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

"ஏய், சிரிக்காதே! காது எங்க? காதக் காட்டு!"

ஸ்டூலில் இருந்தவர் கன்னத்தை உப்பி அடக்கிப் பார்ப்பார், முடியாது. உம்மு பொறுமையாகக் காத்திருப்பாள். முகம் எப்போது கல்லாகிறதோ அப்போது அமுக்குவாள். வாலு கொடுத்த கேமரா கிரீச் கிரீச்சென்று குருவி மாதிரி விடாமல் கத்தியது. புதுக் கேமராவுக்கு இப்படி ஒரு வியாதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். "ம், முடிஞ்சுது," என்பாள். அடக்கி வைத்ததெல்லாம் வெடித்து, அந்த ஆள் ஸ்டூலிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "அடுத்தது."

இத்தனை வருஷமாகத் தான் உள்ளே தள்ளிவிட்ட சிரிப்பெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவள் எப்போதாவது யோசிப்பதுண்டு. இன்றைக்கும் அப்படித்தான். கண்ணெதிரே இத்தனை பேர் சிரிக்கிறார்கள். ஒன்றுகூடப் படத்தில் விழவில்லை. வாலு பாவம். என்னை நம்பிக் கெட்டாள்.

அடுத்து உட்கார்ந்தது மாப்பிள்ளை. "மேடையில அவ மட்டும் தனியா இருக்கா. சீக்கிரம் எடுங்க."

அதற்குள் மணப்பெண்ணும் இறங்கி வந்துவிட்டாள். அவள் முறை வந்ததும் மண்டபமே ஒரே குரலில் கத்தியது: "சிரிக்காதே! காது தெரியட்டும்!"

மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் மை கரைந்தது. பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, காலி மண்டபத்தில் வாலு உம்முவின் கேமராவை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"திட்டிடுடி," என்றாள் உம்மு. "எல்லாம் உம்முனுதான் இருக்கும்."

"பொத்தான்லேருந்து விரல எடுக்கவே மாட்டியா நீ?"

"'அடுத்தது' சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது."

"இந்தக் கேமரால விரல எடுக்கிற வரைக்கும் படமா எடுத்துத் தள்ளிக்கிட்டே இருக்கும்டி, மக்கு! இங்க பாரு."

பார்த்தாள். முதல் படத்தில் அத்தை கல். அடுத்ததில் உதடு துடிக்கிறது. அதற்கடுத்ததில் அத்தையின் பல் அத்தனையும் தெரிகிறது. மாமா, காவலாளி, சித்தப்பா, ஒருவர் மிச்சமில்லை. கடைசியாக மணப்பெண், சிரிப்பில் ஸ்டூலை விட்டே பாதி நழுவியிருந்தாள்.

உம்முவின் அடிவயிற்றில் என்னவோ கிளம்பியது. இருமல் என்று முதலில் நினைத்தாள். இருமல் இல்லை. அவள் சிரித்த சிரிப்பில் மண்டபம் எதிரொலித்தது. வாலு சும்மா இருப்பாளா? அதையும் எடுத்தாள்.

ஊர் திரும்பும் நாளில்கூட அந்தச் சிரிப்பு நின்றபாடில்லை. விமான நிலைய வரிசையில் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. உதடு தானாக விரிந்தது. பாஸ்போர்ட்டை நீட்டினாள். அதே அதிகாரியம்மா. படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"நான்தாங்க."

"அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

"இல்லீங்க."

"யாரு எடுத்தாங்க இத? தொழில் தெரியாதவங்ககிட்டப் போயிருக்கீங்க."

"ஆமாங்க."

"எனக்கு அடையாளம் தெரியணும்ல? கொஞ்சம் நேரா நில்லுங்க. சிரிக்காதீங்க. காது தெரியட்டும்."

உம்மு முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். தோளை நேராக்கினாள். தாடையை இறக்கினாள். அதிகாரியம்மா காத்திருந்தார்.

"சிரிப்பு?"

"அது இருக்கட்டுங்க," என்றாள் உம்மு, மெதுவாக.