ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

நெல்லித்தோப்பு,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு மாமனார் ராஜாங்கம் எழுதிக்கொண்டது. இங்கே சைக்கிளைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும் உங்கள் ஹெல்மெட்டின் நலத்தையும் அறிய ஆவல். லாஸ்பேட்டைக்கும் நெல்லித்தோப்புக்கும் நடுவே கடல் ஒன்றும் இல்லைதான். போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் தபால்.

போன மாதம் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போனபோது பூர்ணிமாவையும் சைக்கிளையும் எங்கள் வீட்டில் விட்டுப் போனீர்கள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சைக்கிள்மேல் மட்டும் வெயில் படக்கூடாது என்றீர்கள். திரும்பி வந்து எடுத்துப்போன மறுநாளே பெடலுக்குப் பின்னால், மனுஷன் சைக்கிளில் ஸ்டாண்டு மாட்டும் இடத்தில், மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து, "நீதான் கீழ தள்ளியிருப்ப"ன்னு பூர்ணிமாவைச் சொன்னீர்களாம். ஏழு கிலோ கார்பன் சைக்கிள்மேல் தொண்ணூறு கிலோ ஏறினால் அதுதான் என்ன செய்யும்? பழி மட்டும் நாற்பத்தெட்டு கிலோ பெண்மேல். அவள் பையோடு இங்கே வந்துவிட்டாள். பின்னாலேயே நீங்களும் வந்து சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, மணிகூட அடிக்காமல் போய்விட்டீர்கள். அதில் மணியும் கிடையாது.

மேரியில், அதான் முனிசிபாலிட்டி ஆபீஸில், முப்பத்தோரு வருஷம் கார்பன் பேப்பர் வைத்து எழுதினவன் நான். எனக்குத் தெரிந்த கார்பன் கசங்கும், கிழியும், கையில் ஒட்டும், விரிசல் விடாது. இருந்தாலும் மகள் குடும்பமாயிற்றே என்று தட்டாஞ்சாவடிக்குத் தூக்கிப்போனேன். வெல்டிங் பட்டறை கலைச்செல்வன் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, "இரும்பு இல்ல சார், நெருப்பு பட்டா கருகிடும்" என்றான். சரி, பைபர் படகு ஒட்டுகிறவராவது ஒட்டுவார் என்று வைத்திக்குப்பம் குப்பனிடம் போனேன். அவர் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "படகு உட்டுப்போச்சுன்னா நீந்தி வந்துருவோம் சார். உங்க மாப்ள ரோட்ல நீந்துவாரா?"

ஆக, பொருளே சரியில்லை. என் மகள் நாலு நாளாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் வந்து, தப்பு உங்கள்மேல் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். உங்கள் அத்தை அமுதவல்லி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். விழாமல் கொள்ளாமல் பல்லாண்டு ஓட்ட ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ராஜாங்கம்

பின்குறிப்பு: நீங்கள் பெங்களூரில் இருந்தபோது, அவ்வளவு பெரிய சைக்கிள், ஸ்டாண்டு இல்லாமல் குடிகாரன் மாதிரி சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்று வாங்கி வந்து, ஆடக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே முறுக்கினேன். டக்கென்று சத்தம் கேட்டது, நட்டு உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் வருவதற்கு முந்தின நாள் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். பூர்ணிமாவுக்கு இது தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டாள், அந்த நிமிஷமே பையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதனால் இதை அவளுக்குப் போனில் படித்துக் காட்டுங்கள்.