டோக்கன் அண்ணன் வாங்கிய திட்டு

அன்று எங்கள் நல்லூர் மாடி ஆபீஸில் இருந்தவர்கள் நானும் டோக்கன் அண்ணனும். இல்லாதவர் சாயப்பட்டறை முதலாளி. அவர் வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

திருப்பூரிலேயே ஒரு சேதியை இரண்டாம் முறை காதில் வாங்க மறுக்கும் ஒரே மனிதர் டோக்கன் அண்ணன்தான். சாயப்பட்டறைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் எங்கள் கம்பெனியில் அவர் ஓனர், நான் ஒரே வேலையாள். யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எண் போட்டு, அதே எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பார். மறுபடி சொன்னால், "அந்த டோக்கன் முடிஞ்சுதுங்க" என்பார்.

சோமனூரில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒரு திங்கட்கிழமை மாலை, "பஸ் ஸ்டாப்புல நிக்கறேன், வாங்க" என்று செய்தி அனுப்பினார். அண்ணன் போய் அழைத்து வந்தார். செவ்வாயும் அதே நேரம், அதே செய்தி. அண்ணன் அசையவில்லை. "நேத்தே கூட்டியாந்தாச்சே. இது டூப்ளிகேட்டு" என்று டீயைக் குடித்தார். அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து வாசலில் நின்று, "ஏனுங்க, நாளைக்கு டோக்கன இப்பவே குடுத்துருங்க" என்றார்.

அப்பேர்ப்பட்டவரிடம் இருந்துகொண்டு நான் செய்த காரியம் இது. ஆர்டர் வந்ததும், எத்தனை கிலோவுக்கு என்ன சாயம் என்று சொல்லும் ஒரு கார்டு பட்டறை பிரிண்டரில் விழ வேண்டும். அந்த ஆர்டர் சேதியை எங்கள் புரோகிராமுக்கு வாங்கித் தருவது ஒரு லைப்ரரி, அதாவது யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமையே சோதனைக்காக என் லேப்டாப்பிலும் ஓடவிட்டேன். 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் சேதி வாங்குகிறார்' என்று லைப்ரரி சிவப்பு எழுத்தில் கத்தியது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். சிவப்பு எழுத்தைக் கண்டால் இன்றும் அதை மறைக்கத்தான் முதலில் வழி தேடுவேன். இந்தப் பிழை வந்தால் பெயருக்குப் பின்னால் ஒரு 2 சேர்த்துக்கொள் என்று எழுதிவிட்டேன். சிவப்பு மறைந்தது. லைப்ரரி ஆபீஸ் கம்ப்யூட்டரையும் என் லேப்டாப்பையும் இரண்டு ஆள் என்று நம்பி, ஒரே சேதியை இருவருக்கும் கொடுத்தது.

இரண்டும் ஆளுக்கொன்று அனுப்ப, பட்டறையில் இரண்டு கார்டு விழுந்தது. முதல் கார்டுக்கு இருநூறு கிலோ துணி நேவி ப்ளூ ஆனது. இரண்டாவது கார்டுக்கு, வெள்ளையாகவே போகவேண்டிய பக்கத்து இருநூறு கிலோவும் நேவி ப்ளூ ஆனது.

விஷயம் தெரிந்ததும் அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். அவர் நோட்டை வெகுநேரம் புரட்டினார். "ஊட்டுக்காரிக்கெல்லாம் டோக்கன் போட்டேன். கார்டுக்குப் போடாம உட்டுட்டனே கண்ணு."

படியில் காலடிச் சத்தம். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் என் அம்மாவிடம், எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று போன வாரம்தான் சொல்லியிருந்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்று தொடங்கினார் முதலாளி. கால் மணி நேரம், ஒரு 'ங்க' குறையாத திட்டு. அண்ணன் நின்றபடியே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார். "இந்தப் பையன் பண்ணுன வேலைங்களா? மொதல்ல இவன அனுப்புங்க. ஏந்தம்பி, நீயெல்லாம்..."

அண்ணன் குறுக்கே வந்து துண்டுச் சீட்டை நீட்டினார். "டோக்கன் நூத்திப் பதினாறுங்க. இந்தத் திட்ட நான் வாங்கியாச்சுங்க. அவனுக்கும் போச்சுன்னா டூப்ளிகேட்டுங்க. இத்தன வெனையும் அதனாலதானுங்க வந்துச்சு."

முதலாளி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று மாலையே கார்டுகளுக்கு எண் ஏறியது. நான் சேர்த்த 2-ஐ எடுத்ததும் சிவப்பு எழுத்தும் பழையபடி திரும்பி வந்தது.

கடைசியில் எங்களுக்கு ஆன செலவு: பில்லில் கழித்த நாற்பதாயிரம் ரூபாய், ஒரு திட்டு. ரூபாயில் என் பங்குக்கு அண்ணன் என் சம்பளத்தில் மாதம் ஐநூறு தவறாமல் பிடித்துக்கொள்கிறார். திட்டில் என் பங்கைத்தான் இன்றுவரை கண்ணில் காட்டவில்லை.