ஏட்டய்யா தைத்த பை

செத்துப்போன மனைவியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பொறி வைத்த போலீஸ்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். இலஞ்சியில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தார். ரிட்டயர் ஆகியும் ஊருக்கெல்லாம் அவர் ஏட்டய்யா.

அறுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிது. எனக்குத் தையல் தெரியும் என்று கேள்விப்பட்டு, சாரல் தூறிய ஒரு மத்தியானம் வந்து நின்றார்.

"தாயி, கடைக்குக் கொண்டுபோற பை கிழிஞ்சுட்டு. அவ மெஷின் சும்மாதான் கெடக்கு. ஒரு பை தைக்கச் சொல்லித் தாயேன்."

துணியை உள்பக்கம் வெளியே தெரிய மடித்து, ஓரங்களைத் தைத்துப் புரட்டச் சொன்னேன். மீசையை ஒதுக்கிக்கொண்டு பெடலை மிதித்தார். மெஷின் மிரண்ட மாடு மாதிரி ஓடியது. நின்றபோது பையின் வாயும் சேர்ந்து தைபட்டிருந்தது.

"ஏட்டய்யா, இதுக்குள்ள கத்திரிக்காய எப்படிப் போடுவிய?"

"களவு போவாதுல்லா," என்றார் யோசிக்காமல்.

மறுநாள் போனால் வாய்த்தையல் மட்டும் பிரிந்திருந்தது. பிரித்த நூல் ஒரு தீக்குச்சியில் அழகாகச் சுற்றி, ஊசிக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீயா பிரிச்ச?"

"நான் இல்லையே."

"அப்ப அவதான். நூலை இப்படித்தான் குச்சியில சுத்தி வைப்பா."

நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அவருக்கோ போலீஸ் மூளை விழித்துக்கொண்டது. அன்று கைப்பிடியைத் தைத்தோம். அதை வேண்டுமென்றே பைக்கு உள்ளே தொங்கும்படி தைத்துவைத்தார். நாளைக்குப் பார்ப்போம் என்று மெஷினைச் சுற்றி அரிசி மாவைத் தூவி, அறையைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்தார்.

காலையில் நானே திறந்தேன். மாவில் ஒரு எறும்புத் தடம்கூட இல்லை. கைப்பிடி வெளியே இருந்தது. பக்கத்தில் இன்னொரு தீக்குச்சி, நூலோடு.

"ஒரு பூசை போட்டுருங்க ஏட்டய்யா," என்றேன்.

அவர் பையைத் தடவிப் பார்த்தார். "எதுக்கு? இருக்கையிலயும் இப்படித்தான். நான் செஞ்சதை ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் அங்கிட்டுப் போனதும் திருத்தி வச்சிருவா."

போகப் போக அவர் கை நேராகிவிட்டது. என்னைவிடச் சுத்தமாகத் தைத்தார். ஒருநாள் பார்த்தால், புதுப் பையின் அடித்தையலைக் கோணல்மாணலாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஏட்டய்யா இது?"

தலை நிமிரவில்லை. "எல்லாம் சரியா இருந்தா அவ எதுக்கு வருவா தாயி?"

துணியின் மறுமுனையைப் பிடித்து, அவர் இழுத்த கோணலுக்கே நகர்த்திக் கொடுத்தேன்.