ஸ்பிரேயரும் மூன்றாவது பெஞ்சும்

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். ஆனால் வெறுங்கையோடு எப்படிச் சொல்வது? முதலில் வீட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடிப்பது. மனைவி முகம் மலரும். அது வாடுவதற்குள், "வேலை போய் நாலு மாசம் ஆச்சு" என்று போட்டு உடைப்பது.

ஆமாம், நாலு மாதம். அவர் வேலை பார்த்த கிடங்கை இழுத்து மூடிவிட்டார்கள். மனுஷர் வீட்டில் வாய் திறக்கவே இல்லை. தினமும் எட்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார். பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்பு ஹாலில் மூன்றாவது பெஞ்சில் போய் உட்காருவார். ஐந்தரைக்கு, "அப்பாடா, இன்னைக்கு இடுப்பை முறிச்சுட்டாங்க" என்று திரும்பிவருவார். அந்த ஹாலில் ஃபேன் உண்டு. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எல்லா முகமும் தன் முகம் மாதிரியே இருக்கும். கம்பெனி கடைசியாகக் கொடுத்த தொகையைத்தான் சம்பளம் என்று மாதாமாதம் வீட்டில் நீட்டினார். இந்த மாதத்தோடு அதுவும் காலி.

பெயிண்ட் பீச்சும் ஸ்பிரேயரை மனைவிதான் யாரோ தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி வந்திருந்தாள்.

"உங்களுக்கு அடிக்கத் தெரியுமா?"

"நாப்பது பேரை மேய்ச்சவன்டி நான். இதெல்லாம் ஒரு மெஷினா?"

விசையை அழுத்தினார். மெஷின் செருமியது. தூ, தூ என்று சுவரில் துப்பியது.

"காத்தை இழுக்குது," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தபடியே. "குழாய் பெயிண்ட்ல முங்கல. வாளியை ரொப்புங்க."

ஏதோ குருட்டாம்போக்கில் சொல்கிறாள் என்று நினைத்தபடியே ரொப்பினார். மெஷின் சீறியது. இரண்டு நிமிஷம் ராஜா மாதிரி அடித்தார். அப்புறம் பொசுக்கென்று நின்றுபோனது.

"ரிப்பேர். தூக்கிக் கடாசு."

"பெயிண்டை வடிகட்டினீங்களா?"

"வடிகட்டறதுக்கு அது என்ன டீயா?"

அவள் வந்தாள். மெஷினின் அழுத்தத்தை இறக்கினாள். முனையைத் திருப்பிப் போட்டாள். மறுபடி அழுத்தம் ஏற்றி அட்டைப்பெட்டிக்குள் ஒரு பீச்சு பீச்சினாள். அடைத்துக்கொண்டிருந்த கட்டி தெறித்து விழுந்தது. முனையைப் பழையபடி வைத்து, பெயிண்டைத் துணியில் வடித்து, "ம், அடிங்க" என்றாள்.

கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று சுவரோடு ஒட்டி நின்று அடித்தார். பெயிண்ட் கோடு கோடாக வழிந்தது. சூப்பர்வைசருக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தச் சுவரை நம்பித்தானே பாவம், அத்தனையும் சொல்வதாக இருந்தார்!

தோளில் ஒரு தட்டு விழுந்தது. "கொஞ்சம் தள்ளுங்க சார்."

சாரா? அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் ஆஸ்பத்திரி ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க ஓர் ஆள் வந்தது. தலையிலிருந்து கழுத்துவரை துணி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, துணிக்குள் அமுங்கிய குரல். இதே மெஷின், இதே தட்டு, இதே வார்த்தை. அவரும் யார் என்று உற்றுப் பார்க்காமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாலாவது பெஞ்சுக்கு நகர்ந்திருந்தார்.

"நீயா?"

"நான்தான். கிடங்கு மூடின மறுநாளே வாட்ச்மேன் சம்சாரம் சொல்லிட்டா. மூணு மாசமா பெயிண்ட் வேலைக்குப் போறேன். நீங்க வர்றதுக்குள்ள வந்து குளிச்சிடுவேன்."

"ஏன்டி என்னைக் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு தினம் சாயங்காலம் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அந்த பெஞ்சுல உங்களைப் பாத்ததும் கண்ணாடிக்குள்ளயே அழுதேன். கையெல்லாம் பெயிண்ட், துடைக்கக்கூட முடியல."

அவள் மெஷினை வாங்கி, ஓர் அடி தள்ளி நின்று, வழிந்த பெயிண்டைத் துடைத்து ஒரே சீராக அடித்து முடித்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில மாடி வார்டு. ஆள் குறையுதுன்னு மேஸ்திரி கேட்டார். உங்களைச் சொல்லியிருக்கேன்."

அவர் மெல்ல நிமிர்ந்தார். "சூப்பர்வைசராவா?"

"வாளி தூக்க. காலையில டப்பாவை மறந்துடாதீங்க. அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுலதான் உங்களுக்கு நாலு மாச அனுபவம் இருக்கே."