மாமனார் கொடுத்த சம்மதம்

அரைகுறைப் படிப்பு வயிற்றில் தங்காது; யாரிடமாவது கக்கியே தீர வேண்டும். இருபது வயதில் எனக்கு அந்த உபாதை முற்றியிருந்தது. மதுரையில் நான் படித்த கல்லூரியில் ஒரு வாத்தியார் மூளையைப் பலகையில் வரைந்து, பேச்சுக்கான இடம் இடது பக்கம் இருக்கிறது என்றார். மீதியைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. (எனக்கு அதுவே தாராளம்.)

அப்போது சோழவந்தானில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். நிச்சயத்துக்குச் சில நாள் முன்பு பெண்ணின் தகப்பனார் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போது மயங்கி விழுந்தார். வலது கை விளங்கவில்லை. வாயில் "பா... பா..." தவிர ஒன்றும் வரவில்லை.

எங்களில் தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் தன் வாயாலேயே, "பரிசம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். என் பெரியப்பா விளாங்குடியில் வண்டி ஏறும்போதே சொல்லிவிட்டார்: "அவரு வாயால சொல்லலைன்னா தட்ட எடுத்துக்கிட்டுத் திரும்பிருவோம்." எனக்கோ அந்தப் பெண்ணை விட மனமில்லை. சிவகாமியை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று அன்றே முடிவு செய்திருந்தேன்.

சபை கூடியது. மாமனார் முயன்றார். "பா... பா..." முகமெல்லாம் வியர்த்துவிட்டது. பெரியப்பா தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். பதற்றத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"பெரியப்பா, மூளையில பேச்சுக்குனு ஒரு இடம் இருக்கு. அது போச்சுன்னா பேசவும் வராது, நாம பேசுறது புரியவும் புரியாது. இவரு இப்ப அம்மிக்கல்லு மாதிரி. கையப் பிடிச்சுத் தட்ட வாங்க வச்சிருவோம். பேச்சு இருந்தா மட்டும் என்ன? ஒரு சைக்கிள் கேட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் மூச்சுவிடாத மகராசன்!"

"போடா, எடுபட்ட பயலே!"

கணீரென்று வந்தது. சொன்னது மாமனார்.

"அய்யோ, பேசிட்டாரு!" என்று மாமியார் அழுதேவிட்டார். மறுபடி சொல்லச் சொன்னால் பழைய "பா"தான். மாமியார் விடவில்லை. மூத்த பெண்கள் நிச்சயத்தில் அவர் சொன்னதுபோலவே இழுத்து ஆரம்பித்தார்: "பரிசம் எங்களுக்கு..."

மாமனார் வாய் தானாக அசைந்தது. "பொண்ணு உங்களுக்கு, எடுபட்ட பயலே!"

மூன்று தரமும் அப்படியே, வாலோடு. பெரியப்பா தாடையைச் சொறிந்தார். "வசவக் கழிச்சிட்டா மிச்சம் சரியாத்தேன் இருக்கு" என்று தட்டை மாற்றினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவ்வளவு ஆனந்தமாகத் திட்டு வாங்கியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

ஒரு வருஷத்தில் மாமனாருக்குப் பேச்சு ஏறக்குறைய வந்துவிட்டது. "அன்னைக்கு நீங்க சொன்னது அம்புட்டும் வெளங்குச்சு மாப்ள. சொல்லத்தேன் வார்த்த அம்புடல. வசவு மட்டும் எந்த வழியா வந்துச்சோ!" என்றார். எந்தப் பக்கத்து மூளை என்று நான் விளக்கப் போகவில்லை.

காலம் ஓடி, என் மகளுக்கு நிச்சயம். நான் முறைப்படி மூன்று தரம் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினேன். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி விழித்தார். மாமனார்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"முழுசாச் சொல்லுங்க மாப்ள. நம்ம வீட்டு வழக்கத்த விடப்படாது."