படிக்கட்டுக்கு அடியில் அத்தை

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது.

வீட்டில் அம்மா சுகம், நான் சுகம், அப்பாவின் இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது. அடுத்த தெருவில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் பாதியில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், அத்தை. பிறகு எனக்கு வாய் வராது.

நான் வேலை செய்கிற இடத்தில் கட்டப்போகிற தெருக்களை முதலில் அட்டையில் செய்வோம் அல்லவா, இந்த முறை வந்தது நீங்கள் தையல் மெஷின் போட்டிருக்கும் நடைமேம்பாலத் தெரு. மரமெல்லாம் நட்டாயிற்று, பஸ் நிறுத்தம் வைத்தாயிற்று, கடைசியில் எனக்கு வேலை சொல்லித்தரும் அண்ணன் ஒரு டப்பா நிறைய கூரான பொடிக்கற்களைக் கொடுத்து, பாலத்துப் படிக்கட்டுக்கு அடியில், நீங்கள் உட்காருகிற இடத்தில், ஒட்டச் சொன்னார்.

“எதுக்குண்ணா?”

“யாரும் உக்காரக் கூடாதுன்னு.”

“உக்காந்தா என்னண்ணா ஆகும்?”

“ஒட்டும்மா. பசை காயுது.”

உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்போல் இருந்தது. மாடலில் நிறுத்துவதற்கென்று பாக்கெட்டில் வரும் குட்டி பிளாஸ்டிக் மனிதர்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் ஒல்லி, எல்லார் கையிலும் ஒரு பை, நூறு பேரில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. யாருக்குமே கால் வலிக்காதா, யாருக்குமே பேன்ட் நீளமாகிப்போகாதா? அதனால் அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில், கற்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு உங்களைச் செய்தேன். முதல் தடவை நீங்கள் பஸ்ஸைவிடப் பெரிதாக வந்துவிட்டீர்கள். இரண்டாம் தடவை என் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இறங்கவேயில்லை. மூன்றாம் தடவை ஒரு பாக்கெட் ஆளின் முழங்காலை மடக்கி உட்கார வைத்து, குண்டூசித் தலையில் மெஷின் சக்கரம் செய்து முன்னால் வைத்தேன். கோபமாக இருக்கிற மாதிரியே அமைந்துவிட்டது, நான் வேண்டுமென்று செய்யவில்லை.

நேற்று நகரசபையில் காட்டினோம். மாடலின் ஒரு மூலையைத் தூக்க ஆளில்லை என்று என்னையும் கூட்டிப்போனார்கள். தலைவர் குனிந்தார். மூக்கு படிக்கட்டுக்கே வந்துவிட்டது.

“இது யாரு?”

எங்கள் ஆபீஸை நடத்தும் மேடம் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் என்னைப் பார்த்தார், நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தேன்.

“அத்தை” என்றேன்.

“யாரு அத்தை?”

நான் வாய் திறப்பதற்குள் மேடம்தான் சட்டென்று, “உழைக்கிற பெண், சார். மக்களோட சேர்ந்து யோசிச்சோம்” என்றார். இன்றுவரை உங்களைக் கண்ணால் பார்க்காதவர்.

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. “இதத்தான்யா நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். அந்தக் கல்லெல்லாம் எடுங்க. இந்தம்மா எப்பவும் இங்கயே இருக்கணும். வரைபடத்துல போட்டுக் கொண்டாங்க, திங்கக்கிழம கையெழுத்துப் போட்டுடறேன்.” எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் என் காதில், “தப்பிச்ச” என்றார்.

ஆகவே அத்தை, இனி உங்களை அங்கிருந்து யாரும் எழுப்ப முடியாது. நிம்மதியாகத் தையுங்கள். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஊசியும் கண்ணும் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் திருத்திய வரைபடம் என் மேஜைக்கு வந்தது. உங்களை மெஷினோடு அழகாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ‘வெண்கலச் சிலை, ஆறடி’ என்று எழுதியிருக்கிறது. சுற்றிலும் சங்கிலியாம். சங்கிலிக்கு உள்ளேயும் பக்கத்திலும் யாரும் கடை போடக் கூடாதாம். மேலே நிம்மதி என்று எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு, தலைவர் கையெழுத்துப் போடுவதற்குள், நகரசபைக்கு மெஷினோடு வாருங்கள், கதவை நான் திறந்துவிடுகிறேன். சிலை எழுந்து பேசினால் தலைவர் என்ன செய்வார் என்று எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.